மஞ்சள் எழுத்து

மூன்று இடங்களில் எழுதி வைத்த கணக்கு தொலைந்து போகாது என்பது என் வாப்பாவின் நம்பிக்கை. கடையில் நாள்வழி ஒன்று, பேரேடு ஒன்று, வீட்டு அலமாரியில் அதன் நகல் ஒன்று என்று வாழ்நாளெல்லாம் எழுதி வந்தார். மருத்துவமனை ஒன்றின் கணிப்பொறிப் பிரிவில் நான் பணியேற்றபோது அந்த நம்பிக்கையையும் உடன் கொண்டு சென்றேன். 2021ஆம் ஆண்டின் ஒரு காலைப் பொழுதில் அதுவே என்னைத் தலைகுனிய வைத்தது.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் அனைத்தையும் அங்கே ஐந்து சர்வர்கள் சேர்ந்து காத்து வந்தன. ஒன்றுக்கு எட்டாக 40 டிஸ்குகள். அவற்றை ஒரே பேழைபோல் ஆளும் மென்பொருளின் பெயர் செஃப். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த சேஜ் வெய்ல் உருவாக்கியது. அதைப் பற்றிய ஆய்வுரை 2006இல் வெளியாயிற்று. கணவாய் இனத்தைக் குறிக்கும் செபலோபாட் என்ற சொல்லின் முற்பகுதியே அதன் பெயராயிற்று. உடல் ஒன்று, கைகள் பல, பொருத்தந்தான்.

படத்தின் ஒவ்வொரு கூறும் வெவ்வேறு மூன்று சர்வர்களில் இருக்கும். ஒரு சர்வர் பேச்சற்றுப் போனால் செஃப் 600 விநாடிகள் பொறுத்திருக்கும். அதன்பின், போனது திரும்பாது என முடிவு கட்டி, எஞ்சிய பிரதிகளைப் பார்த்து மற்ற சர்வர்களில் புதுப்பிரதி எழுதத் தொடங்கிவிடும். எவரும் ஏவ வேண்டியதில்லை. கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் புதுப்பிரதி எழுத இடம் எங்கிருந்து வரும்?

ஐவர் சுமந்ததை நால்வர் சுமக்க வேண்டும் என்பதே இங்குள்ள கணக்கு. ஒரு டிஸ்க் 85 விழுக்காடு நிறைந்தால் செஃப் எச்சரிக்கும். 90இல் அதன்மேல் பிரதி நிரப்புவதை நிறுத்தும். ஏதேனும் ஒன்று 95ஐத் தொட்டால் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். ஆகவே ஒன்று வீழ்ந்தபின்னும் நால்வர் 85க்குள் நிற்க வேண்டுமாயின், ஐவரும் இருக்கும்போது 68ஐத் தாண்டலாகாது. எங்களிடமோ சராசரி 82! சில டிஸ்குகள் 88ஐயும் கடந்திருந்தன. திரையில் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை 19 நாட்களாக நின்றது. முதல் இரண்டு நாள் பார்த்தேன். பிறகு சுவரில் தொங்கும் பழைய நாட்காட்டிபோல் கண்ணுக்குப் பழகிவிட்டது. மூன்று பிரதிகள்தாம் இருக்கின்றனவே!

அன்று இரவு ஒரு மணிக்கு மூன்றாம் சர்வரின் பவர் சப்ளை கருகிற்று. நான் உறங்கிக்கொண்டிருந்தேன். செஃப் உறங்கவில்லை, விடியுமட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தது. இரவுதோறும் நடக்கும் பேக்கப்பும் அதன்மேல் ஏறிற்று. காலை ஒன்பதுக்கு ஸ்கேன் அறையிலிருந்து தொலைபேசி: "படம் சேமிக்க மாட்டேன் என்கிறதே, ஐயா!"

பழைய படங்களைப் படிக்க முடிந்தது. புதியதை எழுதத்தான் முடியவில்லை. ஸ்கேன் இயந்திரத்தின் உள்ளே சில மணி நேரப் படங்களுக்கு இடமுண்டு. எங்களுக்கிருந்த தவணை அவ்வளவே.

என்னுடன் பணியாற்றிய இளைஞர் எங்கள் ஊர்க்காரர். "காக்கா, அந்த 95ஐ 98 ஆக்கிவிடுவோமே? ஒரு வரிக் கட்டளைதானே" என்றார். செய்யலாம், அதற்குக் கட்டளையும் உண்டு. ஆயினும் டிஸ்க் முழுதாக நிறைந்துவிட்டால் அதை நடத்தும் நிரல் மீண்டும் எழுவதற்கே இடமின்றிப் போகக்கூடும். வேண்டாம் என்றேன்.

சற்றுப் பொறுத்து அவரே, "செத்த சர்வரின் எட்டு டிஸ்குகளையும் செஃப் கணக்கிலிருந்து தள்ளிவிட்டதே. அழித்துப் புதிதாகச் சேர்த்தால் இடம் கிடைக்குமல்லவா?" என்றார். உண்மையைச் சொன்னால், என் விரல்களும் அந்தக் கட்டளையைத் தேடிக்கொண்டுதான் இருந்தன. அப்போதுதான் வாப்பாவின் அலமாரி நினைவுக்கு வந்தது. கடை பூட்டியிருப்பதால் உள்ளிருக்கும் பேரேடு பொய்யாகிவிடுமா? இரவு ஒரு மணி வரையிலான எழுத்து அந்த எட்டிலும் பழுதின்றி இருக்கிறது. நிரப்பும் வேலையோ பாதியில் நின்றிருப்பதால், சில கூறுகளுக்கு வெளியே இரண்டு பிரதிகளே உள்ளன. அவ்விரண்டில் ஒன்றும் இன்று கெட்டால், அழித்தவனிடம் அல்லவா கேட்பார்கள்?

"தம்பி, அதைத் தொடாதீர்கள்" என்றேன். சோதனைக்காக மூலையில் கிடந்த அதே வகை இயந்திரத்தின் பவர் சப்ளையைக் கழற்றி மாட்டினோம். சர்வர் எழுந்தது. எட்டு டிஸ்குகளும் ஒவ்வொன்றாகத் தம் பெயரைச் சொல்லிக் கூட்டத்தில் சேர்ந்தன. இடையில் மாறியவற்றை மட்டும் பிறரிடம் கேட்டு எழுதிக்கொண்டன. இரவில் பெருகிய மிகைப் பிரதிகளைச் செஃப் தானே நீக்கிற்று. 95 என்பது 94 ஆகி, 93 ஆகி இறங்குவதை நாங்கள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பகலுக்கு முன் ஸ்கேன் அறையில் காத்திருந்த படங்கள் யாவும் வந்து சேர்ந்தன.

மாலையில் நிர்வாகத்திற்கு அறிக்கை எழுத அமர்ந்தேன். பவர் சப்ளை கருகியது, புதிதாக இரண்டு சர்வர்கள் வேண்டும் என்பது வரை தடையின்றி ஓடிற்று. "அந்த 19 நாளையும் எழுத வேண்டுமா, காக்கா?" என்று தம்பி தயங்கியபடி கேட்டார்.

அதைத்தான் முதல் வரியாக மாற்றி எழுதினேன்.