குடப்பனக்குன்னுக் குஞ்சுகள்

திருவனந்தபுரத்துக் கிழக்குக் கோட்டையிற் பேருந்தேறிக் குடப்பனக்குன்னுக்குச் சென்றால், கேரளக் கால்நடைத் துறையின் கோழிப் பண்ணையைக் காணலாம். சென்ற இடவப்பாதி மழையில் அங்கிருந்து ஒரு நாட் குஞ்சுகள் பத்து வாங்கி வந்தோம். தாய்ச்சிறகின் சூட்டையறியாத அவற்றை அட்டைப் பெட்டியிலிட்டு உறங்கிவிட்டோம். விடியுமுன் நான்கு மாண்டன. பிழை நம்முடையதே.

அன்றே செயற்கைத் தாய்க்கூடு அமைத்தோம். மூலையிருப்பின் குஞ்சுகள் நெருங்கி மூச்சடைக்கும். ஆதலின் ஒன்றரை அடி உயரத் தகட்டை வட்டமாக வளைத்தோம். இரண்டங்குலம் உமி பரப்பிச் செய்தித்தாள் விரித்தோம். குஞ்சொன்றுக்கு 2 வாட் என்பது கணக்கு. மழைக்குளிரை எண்ணி 40 வாட் இழை பல்பைத் தொங்கவிட்டோம். எல்.இ.டி. விளக்கின் வெப்பம் போதாது. முதல் வாரம் 35 பாகை சென்டிகிரேடு. பின்னர் விளக்கை உயர்த்தி வாரந்தோறும் 3 பாகை குறைத்தல் வேண்டும். குஞ்சுகளே நல்ல சாட்சி: விளக்கடியிற் குவிந்தால் குளிர், விலகி வாய் பிளந்தால் வெப்பம், எங்கும் பரவினால் நலம். மின்சாரம் நின்றால், வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றி வையுங்கள்.

எஞ்சிய ஆறும் இன்று முற்றத்தைக் கிளறுகின்றன. அவற்றைக் காணுந்தோறும், கரமனையில் நாம் குடியேறிய முதல் மழையிரவில் அண்டை வீட்டு அம்மையார் அனுப்பிய சுடுகஞ்சி நினைவுக்கு வருகின்றது.