ஒட்டு நேரம்

செப்டம்பர் 3, 2025, புதன்

ஒட்டைப் பார்த்தாலே பேத்தி குட்டிக்கு ஆகாது. அதுவும் நல்ல கண்ணில் ஒட்டுகிறோமே, பிய்க்காமல் என்ன செய்வாள்? வலது கண்ணை மூடினால்தான் இடது கண் வேலைக்கு வரும். இரண்டாம் மாதத்திலேயே அந்த இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது மூன்று வயது. விழித்திருக்கும் நேரத்தில் பாதி ஒட்டோடு இருக்கணும் என்பது டாக்டர் சொல். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பியதும் எட்டரைக்கு என் டியூட்டி ஆரம்பம்.

எவர்சில்வர் தட்டில் பொரியைப் போட்டு, ஒன்று ஒன்றாக எடுத்துத் தின்னச் சொன்னேன். கண்ணால் தேடவில்லை, விரலால் தடவித் தடவி எடுத்தாள். அதே பொரியைக் கறுப்புத் தட்டில் கொட்டியதும் குனிந்து பார்த்தாள், கை நேராகப் போய் எடுத்தது. வெள்ளையில் வெள்ளை அந்தக் கண்ணுக்கு இன்னும் பிடிபடவில்லை.

செப்டம்பர் 6, சனி

புரை எடுத்த கண்ணுக்குப் போடும் லென்ஸைக் காலையில் காணோம். ராத்திரி கழற்றிக் கழுவி வைத்ததைப் போடும்போது மகள் கையிலிருந்து நழுவிவிட்டது. யாரும் நடக்கக் கூடாது என்று 144 போட்டுவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தோம். பீரோ காலடியில் மினுங்கியது.

சாதாரண கான்டாக்ட் லென்ஸ் மாதிரி இல்லை இது. நடுவில் தடித்திருக்கும், பவர் அவ்வளவு. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லையே என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார். பிறக்கும்போது கண் நீளம் 17 மில்லிமீட்டர்தான். பெரியவர்களுக்கு 23, 24. முக்கால்வாசி வளர்ச்சி முதல் இரண்டு, மூன்று வருஷத்தில் ஓடிவிடுகிறது. இன்று அளந்து வைக்கிற லென்ஸ் நாளைய கண்ணுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் ஒரு கண்ணில் மட்டும் பிறவிப் புரை இருந்த 114 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உள்ளே லென்ஸும் மறுபாதிக்குக் கான்டாக்ட் லென்ஸும் கொடுத்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தும் பார்வையில் வித்தியாசம் இல்லை. உள்ளே வைத்தவர்களுக்குத்தான் மறு ஆபரேஷன் அதிகம் தேவைப்பட்டது. வளர்ந்த பிறகு உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வைக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 10, புதன்

மாம்பலத்திலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். வழக்கமான கேள்வி: "ஆபரேஷன்தான் எப்பவோ முடிஞ்சுதே அண்ணி, இன்னும் எதுக்குக் குழந்தை கண்ணைக் கட்டி வெக்கிறீங்க? அண்ணனுக்குப் போன வருஷம் பண்ணாங்க, மறுநாளே பேப்பர் படிச்சாரே!"

படித்தார்தான். அறுபது வருஷமாகப் பார்த்துப் பழகிய மூளை அவருக்கு. மங்கிய கண்ணாடியை மாற்றினார்கள், அவ்வளவே. குட்டியின் இடது கண்ணோ பிறந்ததிலிருந்து வெளிச்சம் மட்டுமே கண்டது, உருவம் கண்டதில்லை. அந்த வாரங்களில் மூளை வலது கண்ணோடு சிநேகமாகி, இடதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. ஹூபல், வீசல் என்ற இரண்டு பேர் 1960-களில் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைச் சில மாதம் தைத்து வைத்துவிட்டுப் பிறகு திறந்தார்கள். கண்ணில் கோளாறு இல்லை; ஆனாலும் மூளை அந்தக் கண் சொல்வதைக் கேட்கவில்லை. 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கண்ணில் அடர்ந்த புரையோடு பிறந்தால் ஆறு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் பறப்பது இதனால்தான். நாங்கள் இரண்டு வாரம் பிந்தியவர்கள்.

நாத்தனாருக்குப் பூனைக் கதை பிடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வெள்ளீஸ்வரருக்குப் போவோம்" என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

தெற்கு மாட வீதி வெள்ளீஸ்வரர் கோயிலில் நல்ல கூட்டம். மாவலி தாரை வார்ப்பதைத் தடுக்கக் கமண்டலத்தின் மூக்கை அடைத்துக்கொண்ட சுக்கிராச்சாரியார், வாமனர் தர்ப்பையால் குத்தியதில் ஒரு கண்ணை இழந்து, இங்கே வந்து பூஜித்துத் திரும்பப் பெற்றார் என்பது தலபுராணம். கண் நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ளும் சந்நிதி. சுக்கிரருக்கும் ஒற்றைக் கண்தான் பிரச்சினை என்பதில் எனக்கு ஒரு ஒட்டுதல்.

அர்ச்சனை முடிந்ததும், "சாமி கிட்ட வந்திருக்கோம், இப்பவாவது அதை எடுத்துடுங்க" என்றாள் நாத்தனார். எடுக்கவில்லை. ஒட்டோடுதான் தீபத்தைக் காட்டினேன். கண்ணால் தொடர்ந்தாள்.

செப்டம்பர் 17, புதன்

நுங்கம்பாக்கத்தில் செக்கப். கண் பிரஷர் பார்த்தார்கள், நார்மல். புரை எடுத்த குழந்தைகளுக்குப் பல வருஷம் கழித்துக்கூட கிளாக்கோமா வரலாம். ஆயுசு முழுக்க இந்தப் பரிசோதனையை விடக் கூடாது. பார்வைக்கு வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் போட்ட அட்டை. இடது கண்ணால் மட்டும் 6/36. போன தடவை 6/60. 6/36 என்றால், நல்ல கண் 36 மீட்டரில் பார்ப்பதை இவள் ஆறு மீட்டரில் பார்க்கிறாள். லென்ஸுக்கு மேலே பைஃபோகல் கண்ணாடியும் எழுதிக் கொடுத்தார்கள். சொந்த லென்ஸ் இல்லாத கண்ணால் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாறி மாறிக் குவிக்க முடியாது. நல்ல கண்ணுக்கும் உடையாத கண்ணாடி. இருக்கிற ஒன்றைக் காப்பாற்றவாம்.

பக்கத்து நாற்காலியில் விழுப்புரம் பக்கத்துப் பையன், ஒன்பது வயது. இரண்டு கண்ணிலும் பிறவிப் புரை. ஏழு வயதில்தான் எடுத்திருக்கிறார்கள். கருவிழி நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. காதில் மெஷின். மாசமாக இருந்தபோது அவன் அம்மாவுக்குக் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்ததாம். ருபெல்லா. கர்ப்பத்தில் வரும் அந்தக் காய்ச்சலுக்கும் குழந்தையின் புரைக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர் 1941-லேயே கண்டு சொன்னார். தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது 2017 பிப்ரவரியில். இவன் அதற்கு முந்தைய வருஷம் பிறந்தவன்.

"முன்ன சுவரைப் புடிச்சுக்கிட்டுதான் நடப்பான். இப்ப தனியா கடைக்குப் போறான்மா" என்றார். போர்டைப் படிக்கிறானா என்று கேட்டேன். "பெரிய எழுத்துன்னா படிப்பான்." ஏழு வயதில் எடுத்தும் இவ்வளவு கிடைத்திருக்கிறது. ஆறு வாரம் தாண்டினால் எல்லாம் போச்சு என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

செப்டம்பர் 19, வெள்ளி

பிளே ஸ்கூலில் போட்டோ நாள். கூப்பிடப் போனால், குழந்தை முகம் வெறுமையாக இருக்கிறது. ஒட்டு குப்பைக் கூடையில். "போட்டோல பாவமா தெரியும்னு எடுத்துட்டோம் மேடம்." நல்ல எண்ணம்தான். இனிமேல் என்னைக் கேட்காமல் எடுக்காதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ராத்திரி மகளிடம் அந்த 114 குழந்தைகளின் கணக்கைச் சொன்னேன். பத்தரை வயதில் பார்த்தபோது நான்கில் ஒரு பங்குக்கு 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை. 44 சதவீதத்துக்கு 6/60 அல்லது அதைவிடக் குறைவு. ஒட்டை ஒழுங்காகப் போட்டவர்களுக்குச் சற்று மேல். ஆனால் ஒட்டு ஒன்றே எல்லாம் இல்லை. "அப்ப இவ்வளவு பாடும் வீணாப் போகலாமாம்மா?" என்றாள். போகலாம். நம் கையில் இருப்பது ஒட்டு நேரம் மட்டும். அதைக் குறைக்க நமக்கு உரிமை இல்லை என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாளை கொலு. வடக்கு மாட வீதியில் நடக்க இடமில்லை, நடைபாதை முழுக்க பொம்மை. குட்டியை ஒட்டோடு கூட்டிப்போனேன். நீலமாக ஒன்றைப் பார்த்ததும் "கிருஷ்ணா!" என்றாள். ராமர். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே பொம்மையைக் கையில் கொடுத்தார். மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கொண்டுபோய், மேலிருந்து கீழே பார்த்து, "புல்லாங்குழல் இல்ல பாட்டி, வில்லு" என்றாள்.

நிறத்தை வைத்து ஊகித்துவிட்டு, பிறகுதான் உருவத்துக்கு வருகிறாள். டில்லியில் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவிப் புரையோடு வளர்ந்து தாமதமாக ஆபரேஷன் ஆன பிள்ளைகளைச் சோதித்து 2024-இல் ஒரு கட்டுரை வந்தது. கலர் படத்தில் அடையாளம் சொன்னவர்கள், அதையே கறுப்பு வெள்ளையில் காட்டியதும் தடுமாறினார்களாம். குட்டிக்கு ஒரு கண் நன்றாக இருப்பதால் அவள் விஷயம் வேறு. இருந்தாலும் நாளையிலிருந்து நிறமில்லாத விளையாட்டும் ஒன்று சேர்க்கப் போகிறேன்: கறுப்பு அட்டையில் வெட்டிய யானை, குதிரை, மாடு.

ராமரை வாங்கியாயிற்று. பேரம் படியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

சுண்டலுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் "ஐயோ, குழந்தை கண்ணுல என்ன?" என்றார்கள். குட்டியே பதில் சொல்லிவிட்டாள்: "இந்தக் கண்ணு லீவு."

கீழ்வீட்டுப் பெண் இருபத்தைந்து நாள் பிள்ளையின் போட்டோவைக் காட்டினாள். ஃபிளாஷில் எடுத்தது, ஒரு கண் சிவப்பாக, மற்றது வெளுத்து. "லைட் பட்டிருக்கும், இல்ல ஆன்ட்டி?" இருக்கலாம். ஒரு பக்கமாகப் பார்த்தால் நல்ல கண்ணும் அப்படி விழுவதுண்டு. ஆனாலும் ஊகித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. மூன்றாம் மாதம் மொட்டை போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று மாமியார் சொன்னாராம். நான் தாம்பூலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, 1819-இல் தொடங்கி இப்போது எழும்பூரில் இருக்கும் அரசு கண் ஆஸ்பத்திரிக்கு நாளைக் காலையே போ, இல்லை உனக்குத் தெரிந்த கண் டாக்டரிடம் போ, ஆனால் நாளைக்கே போ என்றேன்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. கீழ்வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மருந்து விட்டுப் பார்த்துவிட்டு இரண்டு கண்ணும் சுத்தம் என்று சொல்லிவிட்டார்களாம். வீணாக அலைய வைத்துவிட்டேன் என்று அவள் மாமியாருக்கு என் மேல் வருத்தம். இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு வாரத்தை இழந்தவர்கள் நாங்கள்; இன்னும் இந்த வீட்டில் ஒட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம். பெட்டி தீரப்போகிறது, நாளை விஜயதசமி, மெடிக்கல் ஷாப் அடைத்தாலும் அடைப்பான். சாயந்திரத்துக்குள் வாங்கி வரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பியிருக்கிறேன்.