மானுக்குக் காவல்

போன மாதம் அம்மாவும் மகளுமாக ஸ்கூட்டரில் கீழ்வெண்மணி போய், அங்கிருந்து கோடியக்கரைக்குப் போனோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட மக்களைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பண்ணையாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது, எழுத்துத் தெரியாதவர். 44 பெயரையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தோம்.

வேதாரண்யம் தாண்டினால் உப்பளம், பிறகு காடு. மெதுவாகப் போங்கள், மான் மிரளும் என்றார் வனக்காவலர்.

"எப்பலேர்ந்து பாப்பா இந்தக் காவலு?"

வெளிமான்களுக்காக 1967இல் சரணாலயமாக்கினார்கள் என்றோம்.

"வெண்மணிக்கு முந்துன வருசமா?"

ரொம்ப நேரம் பேச்சில்லை. மான்மேல் அவருக்குக் கோபம் ஒன்றுமில்லை. கூட்டமாக மேய்ந்ததைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். வெயில் தாழும்வரை அங்கேயே நின்றோம்.