தக்காளி சுண்டும் பதம்

வட இந்தியாவில் குளிர்காலமே காய்கறிகளின் காலம். தை பிறந்ததும் தில்லித் தெருக்களில் தள்ளுவண்டிகளின் நிறம் மாறிவிடும். சிவப்புக் கேரட்டும் பச்சைப் பட்டாணியும் முள்ளங்கியும் குவிந்திருக்க, அவற்றின் நடுவே தக்காளி குன்றுபோல் உயர்ந்து நிற்கும். விலையும் அப்போதுதான் இறங்கியிருக்கும். மழைக்காலம் வந்தால் அதே தக்காளி எட்டாக்கனி ஆகிவிடுவதும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பல நகரங்களில் ஒரு கிலோ தக்காளி 200 ரூபாயைக் கடந்தது. நடுவண் அரசே தக்காளியைக் கொள்முதல் செய்து, வண்டிகளில் ஏற்றிக் கிலோ 90 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. ரசத்தில் தக்காளியின் இடத்தையும் புளியே எடுத்துக்கொண்டது. என் மகளுக்கு விருப்பமான பாஸ்தாவுக்கு, கடையில் விற்கும் சாஸ் புட்டி வந்து சேர்ந்தது. அதில் தக்காளியைவிடச் சர்க்கரையே முந்தி நின்றது. தை வரட்டும், பழம் மலிந்திருக்கும்போது நாமே செய்து சேமித்து வைப்போம் என்று முடிவு செய்தேன். நேப்பிள்ஸ் நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய தோழி ஒருத்தி அதன் செய்முறையை எனக்குக் கற்பித்திருந்தாள்.

தென் இத்தாலியில் இது ஒரு குடும்பத் திருநாள் என்று அவள் கூறுவாள். ஆகஸ்டு மாத வெயிலில் தக்காளி பழுத்துக் குவியும். பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை அனைவரும் ஒரு வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். ஒருவர் பழத்தைக் கழுவ, ஒருவர் நறுக்க, ஒருவர் கைப்பொறியைச் சுழற்றித் தோலையும் விதையையும் பிரித்தெடுப்பார். கிடைத்த சாற்றைப் புட்டிகளில் நிரப்பி இறுக மூடுவார்கள். புட்டிகள் ஒன்றோடொன்று மோதி உடையாதவாறு இடையிடையே துணியைச் செருகி, பெரிய அண்டாவில் அடுக்கி, நீரூற்றிக் கொதிக்க வைப்பார்கள். அதற்கு ‘பாஸாத்தா’ என்று பெயர். கோடையில் மிகுந்ததைக் குளிர்காலத்துக்குச் சேர்ப்பது அவர்கள் வழக்கம். குளிர்காலத்தில் மிகுந்ததை மழைக்காலத்துக்குச் சேர்ப்பது தில்லியில் எனக்குப் பொருந்தியது.

அந்த ஆண்டு பொங்கலுக்கு என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் உள்ளது. காய்கறிச் சந்தைக்குப் பெயர் பெற்ற இடம் அது. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், அம்மாச்சியிடம் இரண்டு சொற்களுக்கு மேல் பேசமாட்டாள். அவளுக்குத் தமிழ் புரியாமல் இல்லை. தவறாகப் பேசிவிட்டால் சிரிப்பார்களோ என்னும் கூச்சம்தான் தடையாக நின்றது. அம்மா ஒரு கேள்வி கேட்டால், மகள் என்னைப் பார்த்து இந்தியில் விடை சொல்வாள். நான் இடையில் நின்று மொழிபெயர்ப்பேன்.

பத்துக் கிலோ தக்காளி வாங்கி வந்தேன். அம்மா கூடையைத் தம் பக்கம் இழுத்து வைத்துப் பழங்களைப் பிரிக்கலானார். உருண்டையாகவும் சாறு மிகுந்தும் இருந்த நாட்டுத் தக்காளி ஒரு பக்கம் சென்றது. முட்டை வடிவில் தடித்த சதையோடு இருந்ததை அவர் ‘பெங்களூர்த் தக்காளி’ என்று மறுபக்கம் ஒதுக்கினார். என் தோழி கூறியதும் அதுவே. இத்தாலியர் சாஸுக்கு விரும்பும் ‘சான் மர்ட்சானோ’ என்னும் வகையும் நீண்டு, சதைப்பற்று மிகுந்து, விதை குறைந்து இருக்கும். வெசுவியஸ் எரிமலையை அடுத்த சமவெளியில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. நாங்கள் சதைக்காகப் பெங்களூர்த் தக்காளி நான்கு கிலோவும், புளிப்புக்காக நாட்டுத் தக்காளி ஒரு கிலோவும் எடுத்துக்கொண்டோம். எஞ்சிய ஐந்து கிலோவைத் தொக்குக்கென அம்மா தனியே வைத்தார்.

ஒவ்வொரு பழத்தின் அடியிலும் கத்தியால் கூட்டல் குறிபோல் மெல்லக் கீறினோம். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் இட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றினேன். கொதிநீர் வேலை பெரியவர்களுக்கு உரியது. ஆறிய பழத்தின் தோலை உரிப்பது மகளின் பங்காயிற்று. கீறிய இடத்தில் சுருண்டிருந்த தோல், இழுத்தவுடன் வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு பழங்களைப் பிளந்து விதைகளைச் சல்லடையில் வழித்து, அவற்றைச் சூழ்ந்திருந்த சாற்றை வடித்துச் சேர்த்தோம். தக்காளியின் சுவையில் பெரும்பகுதி அந்த வழுவழுப்பான சாற்றில்தான் இருக்கிறது.

அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் இதற்கு ஆகா. தக்காளியின் புளிப்பு அவற்றோடு வினைபுரிந்து சுவையைக் கெடுத்துவிடும். ஆகையால், அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தில் ஒலிவ எண்ணெயைச் சிறு தீயில் சூடாக்கினேன். தட்டிய பூண்டையும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் அதில் இட்டு, நிறம் மாறாமல் வதக்கினேன். பின் தக்காளியையும் உப்பையும் சேர்த்தேன். பருப்புக் கடையும் மத்தால் அம்மா அதை மசித்தார். தக்காளிக்குச் செந்நிறம் தரும் லைகோபீன் என்னும் பொருளை, எண்ணெயோடு சமைத்து உண்ணும்போது உடல் எளிதாக ஏற்றுக்கொள்கிறது.

அதன் பிறகு வேலை ஒன்றும் இல்லை, காத்திருத்தல் மட்டுமே. தக்காளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பங்கு நீர். அதைப் போக்குவதே இந்தச் சமையலின் பாதி. மூடி போடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டோம். மகள் கரண்டியோடு நின்றாள்.

“அம்மாச்சி, தண்ணீர் போய்விட்டதா?” என்று கேட்டாள்.

“போய்விட்டதா என்று கேட்கக் கூடாது கண்ணு. சுண்டிவிட்டதா என்று கேள்” என்றார் அம்மா. “குளம் வற்றும், குழம்பு சுண்டும், தொக்கு சுருளும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைச் சொன்னால், அடுப்பில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?”

மகள் சிரித்துவிட்டாள். பிறகு, “இப்போது சுண்டுகிறதா? எப்போது சுருளும்?” என்று தானே கேட்கத் தொடங்கினாள். பதம் பார்க்கும் முறையையும் அம்மா கற்றுக்கொடுத்தார். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு உடனே மூடிக்கொண்டால் நீர் மிகுதி. சற்று நின்று மெல்ல மூடினால் அதுவே பதம். அன்று எனக்கு மொழிபெயர்க்கும் வேலை இல்லாமற்போயிற்று.

இறக்கும் நேரத்தில், பால்கனித் தொட்டியிலிருந்து பேசில் இலைகளைப் பறித்து வந்தேன். இத்தாலியச் சமையலின் தனி மணம் அது. அம்மா ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். “இது திருநீற்றுப்பச்சிலை அல்லவா? நம் வீட்டுக் கிணற்றடியில் இருந்ததே” என்றார். உண்மைதான். சர்பத்தில் ஊறவைத்துக் குடிக்கும் சப்ஜா விதை இச்செடியின் விதையே. துளசியின் உறவுச் செடி இது. நான் விதைப் பொட்டலத்தில் விலை கொடுத்து வாங்கிய அயல்நாட்டுச் செடியை, அம்மா பிறந்த நாள் முதல் அறிந்திருக்கிறார்.

தோலையும் விதையையும் குப்பைக் கூடையில் இடப் போனேன். அம்மா கையை நீட்டித் தடுத்தார். “கொடு, காயவைத்துப் பொடி செய்யலாம், ரசத்துக்கு ஆகும்” என்றார். பின்னர் மகளைப் பார்த்து, அவர் அதுவரை எங்களிடம் கூறாத ஒன்றைக் கூறினார்.

“உன் தாத்தா ஓர் ஆண்டு முழு வயலிலும் தக்காளி போட்டார். அந்த ஆண்டு எல்லாருக்கும் நல்ல விளைச்சல். அதனால் சந்தையில் கேட்பார் இல்லை. ஒரு பெட்டிக்குக் கிடைத்த விலை, பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்குமே போதவில்லை. பறித்தால் கடன், விட்டால் வீண். தாத்தா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கிடையை வயலுக்குள் விடச் சொல்லிவிட்டார். மூன்று மாதம் தண்ணீர் பாய்ச்சிய வயல். நான் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆடுகளுக்கு முன்னால் கை எட்டியதைப் பறித்தேன். மூன்று நாள் தொக்குக் கிண்டித் தெரு முழுவதும் கொடுத்தேன்.”

நான் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இச்செய்தி புதிது. மகள் கையிலிருந்த தோல்களை ஒவ்வொன்றாகத் தட்டில் பரப்பினாள். விலை மலிந்தது என்று நகரத்தில் நாம் மகிழும் நாளில், எங்கோ ஒரு வயலில் யாரோ பேச்சற்று நிற்கக்கூடும். இத்தாலிய முற்றத்து அண்டாவும் அம்மாவின் தொக்குச் சட்டியும் செய்ய முயல்வது ஒன்றே: மிகுந்த நாளின் பழத்தை, இல்லாத நாளுக்குக் கொண்டுசேர்ப்பது.

பாஸ்தா வெந்தது. கடினக் கோதுமையின் ரவையால் செய்யப்படுவது அது. “சேமியாவுக்கு அண்ணன்” என்று அம்மா அதற்குப் பெயரிட்டார். சாஸைக் கலந்து மூவரும் உண்டோம். அப்போது மகள், “அம்மாச்சி, இது நம் உணவா, இத்தாலிக்காரர்கள் உணவா?” என்று கேட்டாள்.

நான் தக்காளியின் கதையைச் சொன்னேன். அதன் முன்னோர் தென் அமெரிக்க மலைச்சாரலில் காடாக வளர்ந்த செடிகள். மெக்சிகோவின் பழங்குடியினர் அதனைப் பயிராக்கி, ‘தோமாத்ல்’ என்னும் சொல்லால் அழைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டவர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். இத்தாலியர் அதற்குப் ‘பொன் ஆப்பிள்’ என்னும் பொருளில் ‘போமொதோரோ’ என்று பெயரிட்டனர். ஆயினும், நெடுங்காலம் அஞ்சி உண்ணாதிருந்தோர் பலர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேப்பிள்ஸில் வெளிவந்த அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் தக்காளிச் சாஸ் ஒன்று இடம்பெற்றது. அதுவும் ‘ஸ்பானிய முறை’ என்னும் பெயரோடு. மெல்லிய பாஸ்தாவைத் தக்காளியோடு சமைக்கும் முறையை இப்போலித்தோ கவல்காந்தி எழுதியது 1839இல். இன்று தக்காளி இல்லாத இத்தாலியச் சமையலை எண்ணிப் பார்க்கவே இயலவில்லை.

“எங்கள் பாட்டி இதைச் சீமைத்தக்காளி என்றுதான் சொல்லுவார். சில வீடுகளில் திதி நாள்களில் இன்றைக்கும் சேர்ப்பதில்லை” என்றார் அம்மா. நம் நிலத்தில் தக்காளி என்னும் பெயருடைய சிறு செடி முன்பே இருந்தது, மணத்தக்காளியும் இருந்தது. கடல் கடந்து வந்த பழத்துக்கு அந்தப் பெயரையே கொடுத்து, முன்னே ‘சீமை’ என்ற அடையையும் சேர்த்தார்கள். காலப்போக்கில் அடை உதிர்ந்தது, பெயர் நிலைத்தது.

மகள் விடவில்லை. “அப்படியானால் யாருடைய உணவு?”

“யார் கிண்டினாரோ அவருடைய உணவு” என்றார் அம்மா. “எழுந்திரு, தொக்கு அடிபிடிக்கப் போகிறது.”

ஐந்து கிலோ பழம் சுண்டி இரண்டு கிலோவுக்குச் சற்று மிகுதியான சாஸ் ஆயிற்று. வெங்காயமும் பூண்டும் எண்ணெயும் கலந்த சாஸை, புட்டியில் அடைத்து வெளியில் வைத்தல் தீங்கானது; காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு அது இடமாகலாம். எனவே சிறு சிறு டப்பாக்களில் நிரப்பி உறைபெட்டியில் வைத்தோம். நீர் உறையும்போது விரியும் என்பதால், ஒவ்வொரு டப்பாவிலும் மேலே ஒரு விரல் இடம் விட்டோம். மிளகாயும் உப்பும் புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த அம்மாவின் தொக்கு, சுருளச் சுருள வதங்கிக் கண்ணாடிச் சாடிக்குள் சென்றது. டப்பாக்களின் மேல் ஒட்டிய தாளில் மகள் தமிழில் ‘தக்காளி, தை’ என்று எழுதினாள்.

ஆடி மாதத்தில் கடைசி டப்பாவைத் திறந்தோம். தள்ளுவண்டியில் தக்காளி மீண்டும் விலை ஏறியிருந்தது. அன்று மாலை மகளே தொலைபேசியை எடுத்து ஊருக்குப் பேசினாள்.

“அம்மாச்சி, இன்றைக்கு நம் சாஸைச் சாப்பிட்டோம். பதம் மாறவே இல்லை. அங்கே இப்போது தக்காளி பெட்டி என்ன விலை?”

“நல்ல விலை கண்ணு” என்றார் அம்மா. “ஆனால், பறிப்பதற்கு இப்போது நம் வயலில் பழம் இல்லை.”

மகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அடுத்த தையில் வரும்போது எந்த விலை என்றாலும் பறித்து வையுங்கள். நான் வந்து கிண்டுகிறேன்” என்றாள்.