விடுமுறைக்கு வரும் பிள்ளை

குளிர் நாடுகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு டிசம்பர் மாதம் வந்தால் குளிர்கால விடுமுறை என்று ஒன்று உண்டு. நம் நாட்டிலோ குளிர்காலமும் இல்லை. அந்தப் பெயரில் விடுமுறையும் இல்லை. பல்கலைக்கழகங்களில் பருவத்துக்குப் பருவம் விடுமுறை, அவ்வளவுதான். ஆனாலும் கேமரன் மலைக்காரர்களாகிய நமக்கு அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில், ஆண்டு முடிவிலும் ஆண்டுத் தொடக்கத்திலும் கம்பளிச் சட்டை இல்லாமல் விடியற்காலையில் வாசலுக்கு வர முடிகிறதா? கீழே கோலாலம்பூரில் படிக்கிற பிள்ளை அந்தக் குளிரில்தான் வீட்டுக்கு வர நாள் எண்ணத் தொடங்குகிறது.

நான் அதிகம் படித்தவள் அல்ல. ஆறாம் வகுப்போடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை விட்டு வந்து, மலைச்சரிவில் கூடை சுமந்து கொழுந்து எடுத்தவள். என் மூத்த மகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கப் போன பிறகு, அந்த இடத்துச் சங்கதிகள் எங்கள் வீட்டுச் சங்கதிகள் ஆகிவிட்டன. அவற்றில் சிலவற்றை என்னைப் போன்ற தாய்மார்களுக்குச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அண்மை ஆண்டுகளில் அங்கே முதற்பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. பதினான்கு வாரம் வகுப்பு, நடுவே ஒரு வாரம் ஓய்வு, பிறகு ஒரு வாரம் படித்துக்கொள்ள, அதன்பின் தேர்வு. எல்லாம் முடிந்து பிள்ளை படியேறுவதற்குள் இங்கே பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்திருப்போம்.

கடைசி வாரங்களின் செய்திகள்

விடுமுறைக்கு முந்திய அந்தச் சில வாரங்களில் பிள்ளைகள் பேசும் விதமே மாறிவிடும். அதுவரை தொலைபேசியில் மூச்சு விடாமல் பேசியவள், "சாப்பிட்டேம்மா, வைக்கிறேன்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாள். கோபமாக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒப்படைக்கவேண்டிய கட்டுரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. நூலகத்தில் இடம் பிடிக்க விடியலில் எழுந்து போகவேண்டும். குழுவாகச் செய்யவேண்டிய வேலையில் ஒருத்தி வராவிட்டால் மற்றவர்களுக்கும் புள்ளி குறையும்.

இத்தனைக்கும் நடுவில் நம் பிள்ளைகள் தமிழையும் விடுவதில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியைப் பற்றி நம் வாசகர்கள் அறிவார்கள். பரிசுக் கதைகள் 'பேரவைக் கதைகள்' என்ற பெயரில் நூலாக வருகின்றன. பேரவை வேலை என்று என் மகளும் சில மாலை நேரங்களில் நாற்காலி தூக்கப் போவாள். "படிக்கப் போன இடத்தில் இது எதற்கு?" என்று அவள் அப்பா கேட்டார். "அங்கேதாம்பா யாரும் என்னை எந்த ஊர் என்று ஒரு மாதிரியாகக் கேட்பதில்லை" என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

தேர்வு முடிந்ததும் மூட்டை கட்டுகிற படலம். தங்கும் விடுதிக்கு அங்கே கல்லூரி என்றே பெயர். முதற் கல்லூரி, இரண்டாம் கல்லூரி என்று பன்னிரண்டுக்கும் மேல் இருக்கின்றன. நீண்ட விடுமுறை என்றால் அறையைக் காலி செய்து சாவியைத் திருப்பித் தரவேண்டி வரும். வாளி, மின்விசிறி, புத்தகம், அரிசிச்சட்டி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டவேண்டும். பிறகு பேருந்து. விழாக்காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் சுற்றுலாக்காரர்களே இடத்தை எல்லாம் பிடித்துக்கொள்வதால், நம் பிள்ளைகள் முன்கூட்டியே சீட்டு வாங்கிவிட வேண்டும். தாப்பாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவும் நெளிவுமாக ஏறும் பாதை மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? மண் சரிந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான். ஆகையால் வந்து சேரும் நாளை ஒரு நாள் தள்ளியே எண்ணிக்கொள்ளுங்கள். மனம் பதறாமல் இருக்கும்.

விடுமுறையில் நடந்தது

முதல் விடுமுறைக்கு என் மகள் வந்தபோது எங்கள் வீட்டில் நிலைமை சரியில்லை. கொழுந்து அறுக்கும் இயந்திரத்தை இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு சரிவில் நடக்கவேண்டும். அந்த வேலையில் என் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு மூன்று வாரமாகப் படுத்திருந்தார். சின்னவன் ஐந்தாம் படிவம், எஸ்.பி.எம். நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பிரிஞ்சாங் பக்கம் ஒரு பூத்தோட்டத்தில் கணக்கு எழுத ஆள் வேண்டும், மாதம் 1,700 வெள்ளி என்று ஒருவர் வந்து சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவர் மேல் குறை இல்லை.

மகள் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, "நான் திரும்பிப் போகலம்மா" என்றாள்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். தம்பி படிக்கவேண்டும் என்று சொன்னாள். கடைசியில்தான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. புள்ளிகள் எதிர்பார்த்த அளவு இல்லையாம். பட்டணத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மளமளவென்று பேசும்போது இவள் கேட்க நினைத்த கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுமாம். "அது நம்மைப் போன்றவர்களுக்கான இடம் இல்லைம்மா" என்றாள்.

நான் ஏசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவளை உட்கார வைத்து, அவள் தாத்தா கொடுத்த ஒரு வெள்ளிக் கதையைச் சொன்னேன். என் மாமனார் 1950-களில் பீடோர் பக்கம் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். அந்த நாளில் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக நிதி திரட்டுகிறார்கள் என்று தோட்டத்தில் வந்து சொன்னபோது, சம்பளத்திலிருந்து ஒரு வெள்ளியை எடுத்துக் கொடுத்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்த நிதியின் கதையை இளைய வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே இந்திய ஆய்வியல் துறை ஒன்றை அமைக்கப் பேச்சு நடந்தபோது, எந்த மொழியை முதன்மையாகக் கற்பிப்பது, சமஸ்கிருதமா தமிழா என்ற கேள்வி எழுந்தது. இந்த நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் தமிழரே. ஆகவே தமிழுக்கே அந்த இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி ஊர் ஊராகக் குரல் எழுப்பினார். வாயால் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு, பல்கலைக்கழகத்துத் தமிழ் நூலகத்துக்காக நிதி திரட்டினார். கடைக்காரர்களும் கொடுத்தார்கள், துறைமுகக் கூலிகளும் தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது. தமிழுக்கு அதில் முதலிடம் கிடைத்தது.

பின்னர் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1960-களில் அதற்குத் தலைமை ஏற்ற தனிநாயகம் அடிகள், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலேயே கூட்டினார். பல நாட்டு அறிஞர்கள் தமிழைப் பற்றிப் பேச நம் நாட்டைத் தேடி வந்தார்கள். இந்தப் பெருமைக்கெல்லாம் அடியில், பால் வாளி தூக்கியவர்கள் கொடுத்த சில்லறைக் காசும் கிடக்கிறது.

"அந்த இடம் நம்முடையது இல்லை என்கிறாயே, உன் தாத்தா அதற்குக் காசு கொடுத்திருக்கிறார்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கோப்பி குடிக்கும்போது, "தேர்வுத் தாளை எங்கே கோட்டைவிட்டேன் என்று விரிவுரையாளரைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள். அவள் அப்பாவும் படுக்கையில் இருந்தபடியே, "என் இடுப்பு என்னோடு போகட்டும். உன் படிப்பை அதற்கு மருந்தாக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

பூத்தோட்ட வேலைக்கு அவள் போகாமல் இல்லை. விடுமுறை முடியும்வரை என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சம்பளத்தில் பாதி வீட்டுக்கு. பாதி அவள் கைச்செலவுக்கு. திரும்பிப் போன முதல் வாரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாள். நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்குகளைத் தேடிப் போய்ப் பார்த்தாளாம். பழைய புத்தகம் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தாளாம். இப்போது அவள் கடைசி ஆண்டில் இருக்கிறாள்.

பெற்றோர் செய்ய வேண்டியது

படிப்பை நிறுத்தும் பிள்ளைகளில் சிலர் தேர்வில் தோற்று நிறுத்துவதில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இடத்தில், வீட்டு நிலையைப் பார்த்து, ஒருவரிடமும் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். ஆகவே பிள்ளை வருவதற்கு முன் முறுக்கும் அதிரசமும் சுடுவது போல, இன்னும் சில காரியங்களுக்கும் நாம் தயாராக வேண்டும்.

அடுத்த பருவத்துக்குப் பாடங்களைப் பதிவு செய்தாகிவிட்டதா, எந்தத் தேதிக்குள் கட்டணம் கட்டவேண்டும் என்று கேளுங்கள். பி.டி.பி.டி.என். கடன் ஒரே தடவையில் கைக்கு வருவதில்லை; பருவத்துக்குப் பருவம் பிரித்து வருகிறது. தேர்ச்சி குறைந்தால் அடுத்த பாகம் தடைப்படலாம். பருவத் தொடக்கத்தில் பணம் வந்து சேருமுன் இரண்டு மூன்று வாரம் கை வறண்டு போகும். அந்த வாரங்களுக்கென்று வீட்டில் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். நான் பழைய மைலோ டின்னில் போட்டு வைக்கிறேன்.

சராசரிப் புள்ளி 2.00-க்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும். எச்சரிக்கை என்பது வெளியேற்றம் அல்ல. அடுத்த பருவத்தில் நிமிர்ந்துகொள்ள இடம் உண்டு. வீட்டில் நோய், சாவு, வேலை இழப்பு என்று உண்மையாகவே முடியாத நிலை வந்தாலும், பிள்ளை சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. முறைப்படி விண்ணப்பம் எழுதிக் கொடுத்து ஒரு பருவத்தைத் தள்ளிவைக்க வழி உண்டு. அப்படிச் செய்தால் இடம் காத்திருக்கும். சொல்லாமல் நின்றால் இடமும் போகும், கடன் மட்டும் மிஞ்சும். மாணவர் விவகாரப் பிரிவில் உதவிநிதி பற்றிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கேட்பதற்குத்தான் அந்த அலுவலகம் இருக்கிறது.

தேயிலைத் தோட்டங்களில் இன்று நம்மவர்கள் குறைந்து, வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்குவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் எதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த விடுமுறைக்கு உங்கள் லயத்துக்கும் ஒரு பிள்ளை வரலாம். அது உங்கள் பிள்ளையாக இல்லாவிட்டாலும், வழியில் பார்த்தால் நின்று பேசுங்கள். "இன்னும் படிக்கிறாயா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அதன் மனத்தில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கலாம். "எப்போது திரும்பிப் போகிறாய்?" என்று கேளுங்கள். போகிற நாளைத் தெரிந்துகொண்டு, முடிந்தால் ஒரு டின் முறுக்கோடு பேருந்து நிலையத்துக்கும் போய் வாருங்கள்.