தொங்கும் விளக்கும் தடுக்கி விழும் மனிதரும்

பழைய காலத்துத் தொங்கு விளக்கு, சரவிளக்கு வாங்கி வீட்டில் மாட்டுவது இப்போது பலருக்கும் பெரிய ஆசை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளைச் சங்கிலியில் தொங்கும் பால் கண்ணாடி குளோப், பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்கு, 1940, 50களின் மாடல் தொங்கு விளக்கு எல்லாம் அங்கே கண்ணில் படும். நான் குடியிருக்கும் மானகிரி காரைக்குடியை ஒட்டிய ஊர். அதனால் தெரிந்தவர்கள் போன் செய்து, "டாக்டர், ஒரு லைட்டு பார்த்து வைங்களேன்" என்பது வழக்கமாகிவிட்டது.

டாக்டருக்கும் சரவிளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

மூன்று சம்பந்தம் இருக்கிறது.
கண்.
எலும்பு.
இதயம்.

நாலாவதாக ஒன்றும் உண்டு. என் அப்பா வயர்மேன். செட்டிநாட்டு வீடுகளில் ஏணி போட்டு ஏறி இந்த விளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டியவர். அவர் சம்பளத்தில்தான் நான் எம்பிபிஎஸ் படித்தேன். அதனால் இந்தப் பதிவில் பாதி மருத்துவம், பாதி அப்பா சொல்லிக் கொடுத்தது.

முதலில் இந்த விளக்குகள் இங்கே எப்படி வந்தன என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து தொழில் செய்தார்கள். அந்த வருமானத்தில் பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் இந்த வறண்ட பூமிக்கு வந்து சேர்ந்தன. கூடவே விளக்குகளும் வந்தன. ஆரம்ப காலத்து விளக்குகள் மெழுகுவத்திக்கும் எண்ணெய்க்கும் செய்யப்பட்டவை. மின்சாரம் வந்த பிறகு பலவற்றில் வயர் கோத்து ஹோல்டர் மாட்டினார்கள்.

1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது. பல குடும்பங்கள் தொழிலை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பின. 1960களில் அங்கே தொழில்களும் வங்கிகளும் நாட்டுடைமையாயின. வருமானம் நின்றது, ஆனால் வீடு நின்றது. அவ்வளவு பெரிய வீட்டைப் பராமரிக்க முடியாமல் தூண், கதவு, விளக்கு என்று ஒவ்வொன்றாக விற்பனைக்கு வந்தன. நீங்கள் ஆசையாக வாங்கும் விளக்குக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

சரி, இப்போது மருத்துவத்துக்கு வருவோம்.

முதலாவது, கண்

வயது கூடக் கூடக் கண்ணின் பாப்பா சுருங்குகிறது. உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். "ஏம்மா, லைட்டு எரியுதே, தெரியலையா?" என்று அம்மாவைக் கோபிக்காதீர்கள். நிஜமாகவே அவருக்குத் தெரியாது.

அப்படியென்றால் பெரிய பல்பாகப் போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. கண்புரை ஆரம்பித்த கண்ணுக்குள் வெளிச்சம் சிதறும். பல்பு நேரடியாகக் கண்ணில் பட்டால் கூச்சம் அதிகமாகி, எதிரில் இருக்கும் படி மறைந்துவிடும். இன்று காபி கடைகளில் கம்பி தெரிகிற மாதிரி வெறும் பல்பைத் தொங்க விடுகிறார்களே, அது வயதானவர் உள்ள வீட்டுக்கு ஆகாது.

இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தவர் டென்மார்க்கின் பால் ஹென்னிங்சன். எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படக்கூடாது, மேசைக்கு வெளிச்சம் வர வேண்டும் என்று அடுக்கடுக்கான மூடிகள் வைத்து விளக்கு செய்தார். 1958ல் வந்த அவருடைய பிஎச் 5 தொங்கு விளக்கு இன்றும் விற்பனையில் இருக்கிறது.

நம்ம ஊர் பால் கண்ணாடி குளோப்பும் வேறு வழியில் இதே வேலையைத்தான் செய்கிறது. வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கும், கண்ணைக் குத்தாது. பழைய விளக்கு வாங்குவதென்றால் என் முதல் ஓட்டு அதற்குத்தான். ஜொலிக்கிற சரவிளக்கு இரண்டாவதுதான்.

இரண்டாவது, எலும்பு

இங்கே ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி.

வயது 78. இரண்டு கட்டு வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில். முகப்பிலும் வளவிலும் சேர்த்து ஐந்து சரவிளக்குகள். ஒன்றும் எரியாது. ஆச்சி படுக்கும் அறை வளவை ஒட்டி, பாத்ரூம் வீட்டின் கடைசியில். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போக வேண்டும். ஒரு நாள் வளவுப் படியில் கால் வைத்தவர் தடுக்கி விழுந்தார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது.

இந்த முறிவு சாதாரணமானதல்ல. அறுவை சிகிச்சையைச் சீக்கிரம் செய்து, சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, கால் நரம்பில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். விழும்வரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர், அதன் பிறகு ஒரு டம்ளர் தண்ணீருக்கும் ஆளைக் கூப்பிட வேண்டிய நிலைக்குப் போய்விடுவார்.

"அவ்வளவு லைட்டு இருக்கே ஆச்சி, ஒண்ணு கூடவா எரியல?" என்று கேட்டேன்.

"அது எல்லாப் பங்காளிக்கும் பொது தம்பி. நான் தனியா தொட்டா நாளைக்கு ஒரு பேச்சு வரும்" என்றார்.

இதுதான் இங்குள்ள உண்மையான சிக்கல். வீடு பல புள்ளிகளுக்குச் சொந்தம். வயரிங் மாற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும், எல்லோரும் பணம் போட வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். பொதுவில் இருக்கும் விளக்கை விற்கவும் முடியாது, எரிய வைக்கவும் முடியாது. அதற்குக் கீழே இருட்டில் ஒரு மனுஷி நடக்கிறார்.

ஆச்சிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வாக்கரில் நடக்கிறார். அவர் வீடு திரும்பும் முன், மகனிடம் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சரவிளக்கு விஷயத்தைப் பங்காளிகள் கூடிப் பேசிக்கொள்ளுங்கள். பிளக்கில் சொருகும் சின்ன நைட் லேம்ப் நாலும், சார்ஜ் ஏற்றும் எல்இடி விளக்கு இரண்டும் உடனே வாங்குங்கள். இதற்கு யார் சம்மதமும் தேவையில்லை.

வாங்கிவிட்டார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இப்போது வெளிச்சம் இருக்கிறது.

மங்கலான மஞ்சள் வெளிச்சமே போதும். பளிச்சென்ற வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இருட்டுக்குப் போனால், கண் மறுபடி முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

மூன்றாவது, இதயம்

பழைய விளக்கின் உள்ளே இருக்கும் வயர் ரப்பர் உறையும் அதன் மேல் துணியும் சுற்றியதாக இருக்கும். பல வருட பல்பு சூட்டில் ரப்பர் காய்ந்து, தொட்டாலே உதிரும். உதிர்ந்த இடத்தில் செம்பு, பித்தளை உடம்பைத் தொட்டால் விளக்கு முழுவதுக்கும் கரண்ட் வந்துவிடும். பழைய வயரிங்கில் எர்த்தும் இருக்காது.

அப்பா அடிக்கடி சொல்வது: "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன்னு ஏணில ஏறாத. மெயின ஆஃப் பண்ணு." காரணம் உண்டு. சில பழைய வீடுகளில் சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கும். விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் அப்படியே இருக்கும்.

எவ்வளவு கரண்ட் ஆபத்து?
1 மில்லி ஆம்பியர் - லேசாகச் சுருக்கென்று தெரியும்.
10 முதல் 20 - கை இறுகிக்கொள்ளும், பிடித்ததை விட முடியாது.
100 அளவில் - இதயம் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பிக்கலாம். அதுதான் மரணம்.

60 வாட்டு பல்பு எரிய ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு சாதாரண பல்புக்குப் போகும் கரண்டே ஆளைக் கொல்லப் போதும்.

அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டாத வீட்டில் பழைய விளக்கை மாட்டாதீர்கள். கசிவு வந்த உடனே அது கரண்டைத் துண்டித்துவிடும். விளக்கு வாங்கக் காசு இருக்கிறவர்களுக்கு இது பெரிய செலவு இல்லை.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விடுங்கள். 108க்குச் சொல்லுங்கள். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக:

- கண்ணாடியும் பித்தளையும் பழசாக இருக்கட்டும். வயர், ஹோல்டர், சீலிங் ரோஸ் மூன்றும் புதுசாக இருக்க வேண்டும். பித்தளை உடம்புக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள்.

- 60 வாட்டு குண்டு பல்புக்குப் பதில் 9 வாட்டு எல்இடி, வார்ம் வைட். சூடு குறையும், பழைய கண்ணாடிக்கும் நல்லது.

- செட்டிநாட்டு வீட்டில் சரவிளக்கைத் தாங்கியது தேக்கு உத்தரத்தில் அடித்த இரும்புக் கொக்கி. உங்கள் வீட்டு ஃபால்ஸ் சீலிங் அந்தக் கனத்தைத் தாங்காது. மேலே உள்ள கான்கிரீட்டில் கொக்கி இறக்குங்கள்.

- ஆள் நடக்கும் இடத்தில் விளக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து 7 அடிக்குக் குறையக் கூடாது.

- பெயின்ட் அடித்த பழைய விளக்கை வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017ல்தான். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் கூடவே கூடாது.

விளக்கை விற்பவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், வாங்குபவர்களையும் குறை சொல்ல மாட்டேன். எரியாமல் தூசி படிந்து கிடப்பதற்கு, இன்னொரு வீட்டில் எரிந்தால் விளக்குக்கும் மரியாதைதான்.

ஆனால் ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்களா? அடுத்த தடவை போன் செய்யும்போது "சாப்டியா, மாத்திரை போட்டியா" என்பதோடு ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ராத்திரி பாத்ரூம் போற வழியில லைட்டு இருக்காம்மா?"

இல்லை என்று பதில் வந்தால், சரவிளக்குக்கு முன்னால் அதை வாங்குங்கள்.


அரசு மருத்துவமனை மருத்துவர்,
மானகிரி, சிவகங்கை மாவட்டம்