அத்தாவின் ஸ்கூட்டரும் நாற்பது பங்குகளும்



மக்தபில் சிறார்களுக்கு ஓதிக்கொடுப்பது நமது பணி. நாற்பத்தைந்து வயது வரை ஸ்பானர் பிடித்து ஒரு நட்டைக்கூடக் கழற்றி அறியோம். அத்தகைய நாம், குன்னூரில் வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில், ஒரு பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரை முற்றிலும் பிரித்து மீண்டும் பூட்டினோம். அந்த வேலையைப் பற்றியும், அதனூடே நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியும் எழுதுகிறோம். படிப்பவர்களில் ஒருவரேனும் அப்பிழையிலிருந்து தப்பினால் அதுவே போதும்.

வண்டி நமது அத்தாவுடையது. எஸ்டேட் லைன்களுக்குத் துணி மூட்டையுடன் சென்று தவணைக்கு விற்பது அவர்களின் வியாபாரம். 1991-ல் இந்த வண்டியை வாங்கினார்கள். 1972-ல் அறிமுகமான சேத்தக், பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கப்பட்ட வண்டி என்பதை நம் வயதினர் அறிவர். 2009-ல் அதன் உற்பத்தியே நின்றது. இப்போது அதே பெயரில் ஓடுவது மின்சார வண்டி. அத்தாவின் வண்டியோ 2010-ல் என்ஜின் இறுகி நின்றுபோனது. ஒரு பிக்கப் வேனில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்தினார்கள். என்ன நேர்ந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. 2012-ல் அத்தா வஃபாத்தானார்கள். அவர்களின் கடன்களை அடைத்து, மிஞ்சிய சொற்பத் தொகையைப் பங்கிட்டோம். வண்டியின் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடியதோடு சரி.

2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்தது. பள்ளிவாசலும் மக்தபும் மூடப்பட்டன. செய்வதற்கு ஏதுமற்ற ஒரு காலைப் பொழுதில் தார்ப்பாயை விலக்கினோம். பதினேழு வயது மகன், "அத்தா, இதை நாமே ஓட வைத்தால் என்ன?" என்று கேட்டான். அன்று தொடங்கிய வேலை முடிய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. பக்கத்துத் தெருவிலிருக்கும் தம்பியும் மாலை வேளைகளில் வந்து கைகொடுத்தார்.

புதிதாகத் தொடங்குவோருக்கு நாம் கற்ற முதல் பாடம், கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு கேபிளும் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் கைபேசியில் பதிந்துகொண்டோம். கழற்றிய நட்டு போல்ட்டுகளைப் பிஸ்கட் டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினோம். சேத்தக்கில் என்ஜினை இறக்குவது அஞ்சும் அளவுக்குக் கடினமில்லை. கிளட்ச், கியர், ஆக்ஸிலேட்டர், பின் பிரேக் கேபிள்களையும் மின்கம்பிகளையும் விடுவித்தபின், ஒரு நீண்ட குறுக்கு போல்ட்டும் பின் ஷாக் அப்சார்பர் போல்ட்டும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. கடினமானது துருதான். இவ்வண்டிக்குத் தனியான சட்டகம் கிடையாது. வளைத்துப் பற்றவைத்த தகட்டு உடலே அதன் முதுகெலும்பு. குன்னூரின் மழையும் மஞ்சும் பத்தாண்டுகளில் கால் வைக்கும் தளத்தைத் தின்றிருந்தன. அதை வெட்டி எடுத்துப் புதிய தகடு பற்றவைக்க வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த வேலையில் வீட்டுச் சோதனைகளுக்கு இடமில்லை.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. பிளக் துளை வழியே டீசலும் எண்ணெயும் ஊற்றி ஒரு வாரம் காத்திருந்தோம். அசைந்து வெளிவந்தபோது, பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தன. எண்ணெய் இல்லாமல் உலோகம் உலோகத்தோடு உரசிய தடம் அது. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்தான் உயிர். அத்தா ஒருநாளும் எண்ணெய் கலக்க மறந்தவர்களல்லர். அப்படியிருக்க இது எப்படி நேர்ந்தது? பல இரவுகள் நாமும் தம்பியும் இதைப் பேசினோம். விடை கிடைக்கவில்லை.

லேத் பட்டறையில் சிலிண்டரைப் போரிங் செய்து, அடுத்த அளவுப் பிஸ்டன் வாங்கினோம். அங்கும் ஒரு பாடம். டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் ஒரு சிறு ஊசிமுனை இருக்கும். ரிங்கின் இரு முனைகளும் சரியாக அந்த முனையில் வந்து சேர வேண்டும். நாம் அதைக் கவனியாமல் அழுத்தினோம், ரிங் ஒடிந்தது. மகன் ஒன்றும் பேசவில்லை. பத்து நாட்கள் கழித்துப் புதிய ரிங் வந்தது.

அந்தப் பத்து நாட்களில் ஸபா அத்தியாயம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், கவசம் செய்யும்போது வளையங்களை அளவோடு இணைக்குமாறும் கட்டளையிட்டதை அங்கே காண்கிறோம். ஓதும்போது நாம் கடந்து போகும் இடம் அது. கையில் ஒடிந்த ரிங்குடன் அமர்ந்திருந்தபோதுதான் அளவு என்ற சொல்லின் கனம் புரிந்தது. பாயின்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பொறி சரியாக வராது. கிராங்கின் ஆயில் சீல் காய்ந்திருந்தால் அந்தச் சிறு இடுக்கு வழியே காற்றைக் குடித்து என்ஜின் சூடேறும். சமவெளிக்கேற்ற கார்புரேட்டர் ஜெட் மலையில் பொருந்தாது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்து பெட்ரோல் மிகுவதால் பிளக் கரிபிடிக்கும், ஏற்றத்தில் இழுவை குறையும். சற்றுச் சிறிய ஜெட் பொருத்தியபின் அந்தக் குறை தீர்ந்தது.

2021 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், வண்டியை ஒருபுறம் சாய்த்து நிமிர்த்தி மகன் உதைத்தான். ஏழாவது உதையில் என்ஜின் பற்றியது. கொட்டகை முழுதும் நீலப் புகை. அம்மா பின்கதவில் வந்து நின்று, "அவர் வந்துட்டாரா?" என்று கேட்டார்கள். கேட்ட பிறகுதான் தாம் என்ன கேட்டோம் என்பது அவர்களுக்கே தெரிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

அதுவரை நமது பையிலிருந்து 18,500 ரூபாய் செலவாகியிருந்தது. ஒரு மாதத்தில், செய்தி கேட்டு கோவையிலிருந்து பழைய வண்டிகள் சேகரிக்கும் ஒருவர் வந்து பார்த்து, 40,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். அல்லாஹ் காட்டிய வழி என்றே எண்ணினோம். மறுவாரம் வந்து எடுத்துச் செல்லுமாறு வாக்களித்தோம்.

அந்த வாரம், மீண்டும் திறந்திருந்த மக்தபில் மூத்த மாணவர்களுக்கு ஃபராயிள் பாடம். மௌத்தானவரின் சொத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு, பின்பு கடன், பின்பு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், எஞ்சியது வாரிசுகளுக்கு என்று கரும்பலகையில் எழுதினோம். மகனுக்கு இரு மகள்களின் பங்கு என்பதையும், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று என்பதையும் அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12-ஆம் வசனங்களைக் கொண்டு விளக்கினோம். "வீடு, நிலம் மட்டுமல்ல; ஊசி நூல்கூடப் பங்கில் சேரும்" என்றோம். ஒரு மாணவன் எழுந்து, "ஹழ்ரத், ஓடாத பழைய சைக்கிளும் சேருமா?" என்று கேட்டான்.

"சேரும்" என்று சொன்ன வாய் அதன்பின் சற்று நேரம் திறக்கவில்லை.

நமக்கு ஒரு தங்கை இருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தாவின் வாரிசுகள் நால்வர்: அம்மா, நாம், தம்பி, தங்கை. கணக்கு எளிது. மொத்தம் 40 பங்குகள். எட்டில் ஒன்றான 5 அம்மாவுக்கு. எஞ்சிய 35-ல் ஆண்மக்கள் இருவருக்கும் தலா 14, தங்கைக்கு 7. இதே கணக்கை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறோம். ஆனால் ஒன்றரை ஆண்டு வேலையில் ஒருமுறைகூடத் தங்கையிடம் வண்டியைப் பிரிக்கலாமா என்று கேட்கவில்லை. விற்கப்போகும் செய்தியையும் சொல்லவில்லை. அபகரிக்கும் எண்ணம் இருந்ததா என்று கேட்டால், அல்லாஹ் அறிவான், இருக்கவில்லை. அவர் நினைவுக்கே வரவில்லை. யோசித்தால் அதுதான் அதிகம் வெட்கப்பட வேண்டியது.

தம்பியிடம் சொன்னபோது, "அண்ணே, துருப்பிடித்துக் கிடந்தபோது எடைக்குப் போட்டால் இரண்டாயிரம் தேறியிருக்காது. உழைப்பும் செலவும் நம்முடையது. முதலில் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். நியாயம் போலத்தான் தோன்றியது. ஆனால் நமது ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் வேறு சொல்கின்றன. கூட்டுச் சொத்தைப் பங்காளிகளின் அனுமதியின்றித் தன் பணத்தில் பழுதுபார்த்தவர், அதை அவர்களிடம் உரிமையாகக் கேட்க முடியாது. அது அவராகச் செய்த உபகாரம். மற்றவர்கள் விரும்பிக் கொடுத்தால் வாங்கலாம். மூத்த ஆலிம் ஒருவரிடம் கேட்டும் உறுதி செய்துகொண்டோம். இந்த நாட்டுச் சட்டத்தின் வழியே போனாலும் தங்கையைத் தாண்ட முடியாது. இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 31 கொடுக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் இருக்கிறது.

கோவைக்காரரிடம் தொலைபேசியில் பொறுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் ஃபஜ்ர் தொழுததும் பேருந்தில் மேட்டுப்பாளையம் இறங்கினோம். தங்கை இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். பிஸ்டனில் இருந்த கீறலைப் பற்றிச் சொன்னபோது அவர் கையை நிறுத்தினார்.

"அது என்னால்தான் அண்ணே" என்றார்.

2010-ல் அவரைப் புகுந்த வீட்டில் விட அத்தா அந்த வண்டியில்தான் அழைத்து வந்திருக்கிறார்கள். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் 1,500 மீட்டர் இறக்கம், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மாத இறுதி. அத்தாவிடம் பெட்ரோலுக்குப் பணம் குறைவு. இருந்ததைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டார்கள். எனவே பெட்ரோல் குழாயை மூடி, கியரிலேயே வண்டியை இறங்கவிட்டிருக்கிறார்கள். பெட்ரோல் நின்றால் அதில் கலந்த எண்ணெயும் நின்றுவிடும் அல்லவா? சக்கரம் என்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்க, உள்ளே வறண்ட பிஸ்டன் உரசி, பர்லியாருக்குக் கீழே இறுகிவிட்டது. வண்டி நின்றபோது அத்தா, "அம்மாவிடம் சொல்லாதே, வருத்தப்படுவாள்" என்றார்களாம். பதினோரு ஆண்டுகள் தங்கை அந்த அமானிதத்தைக் காத்திருக்கிறார்.

நாமும் தம்பியும் இரவுகளில் தேடிய விடை அவரிடம் இருந்தது. தொடக்கத்திலேயே அனுமதி கேட்கப் போயிருந்தால், விடையும் அன்றே கிடைத்திருக்கும்.

விற்கச் சம்மதமா என்று கேட்டோம். சற்று யோசித்து, "விற்றுவிடுங்கள். பிள்ளையின் படிப்பு முக்கியம். என் பங்கையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நம் சமுதாயத்தில் சகோதரிகள் வழக்கமாகச் சொல்லும் சொல் அது. அண்ணன் நேரில் நின்று முகம் பார்த்துக் கேட்கும்போது ஒரு பெண்ணால் வேறென்ன சொல்ல முடியும்? வெட்கத்தால் விட்டுக்கொடுப்பது மனமுவந்த விட்டுக்கொடுப்பு ஆகாது. "முதலில் உன் கைக்கு வரட்டும். பிறகு உன் விருப்பம்" என்று சொல்லி வந்தோம்.

வண்டி விற்றது. 7,000 ரூபாயைத் தங்கையிடம் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். திருப்பித் தரவில்லை. உண்மையில் நமக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. பல ஆண்டுகளாக அவர் எத்தனை இடங்களில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வேண்டியதை விட்டிருப்பாரோ என்ற எண்ணமும் உடன் வந்தது. தம்பி தமது 14,000-ஐ எடுத்துக்கொண்டார். அம்மா தம் கைக்கு வந்த 5,000-ஐ இரண்டு நாள் வைத்திருந்து, பேரனின் கட்டணத்துக்கென்று தாமாகவே கொடுத்தார்கள். நமக்குக் கிடைத்தது 14,000. செலவழித்ததைவிட 4,500 குறைவு. மீதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கி, பத்து மாதங்களில் அடைத்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

அன்பர்களே, உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் பரணிலும் ஒருமுறை பாருங்கள். தையல் இயந்திரம், ஆட்டுக்கல், கடைக்குக் கொடுத்த முன்பணம், பழைய வண்டி என்று பங்கிடப்படாத ஏதேனும் இருக்கும். அதைத் தொடும் முன் சகோதரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் மலையிறங்குவோருக்கும் ஒரு சொல். கியரில் இறங்குங்கள், ஆனால் பெட்ரோலை மூடாதீர்கள். இடையிடையே ஆக்ஸிலேட்டரைச் சிறிது திருகி, என்ஜினுக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டே இறங்குங்கள்.

அறிந்ததைச் செயலில் கொண்டுவரும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. நமது அத்தாவின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.